அனுப்பினவரும் சாட்சி

1560ஆம் ஆண்டு மன்னார்க் கடலில் வலை வைத்த மீனவர்களுக்கு ஏழு கடற்கன்னிகள் அகப்பட்டனவாம். கோவாவில் இருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் வைத்தியர் பொஸ்கெஸ் அவற்றை அறுத்து ஆராய்ந்து, உள்ளுறுப்பும் வெளித்தோற்றமும் மனித உடலுக்கு ஒப்பாகவே இருக்கின்றன என்று சொன்னாராம். இயேசு சபைத் துறவிகள் பக்கத்தில் நின்று பார்த்தார்களாம். போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தீவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன செய்திகளோடு இந்தக் கதையும் கப்பல் ஏறியது. நூலுக்கு நூல் தாவி, முந்நூறு ஆண்டு கழித்து, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலிலும் அது வந்து உட்கார்ந்தது. டெனன்ட் அதைக் கடற்பசுவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வைத்ததால்தான் முடிச்சு அவிழ்ந்தது. வலையில் வந்தவை கன்னிகள் அல்ல, கடற்பசுக்கள்.

கடற்பசுவை ஆவுளியா என்றும் கரையோரத்தில் சொல்வார்கள். நுரையீரலால் மூச்சு விடும் பாலூட்டி அது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுத்துவிட்டு மீண்டும் அமிழும். 3 மீற்றர் வரை வளரும். முன் துடுப்புகளின் அடியில், மார்புப் பக்கத்தில், இரண்டு முலைக்காம்புகள் இருக்கும். ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அதையும் ஓராண்டுக்கு மேல் சுமக்கும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டு செல்லும். மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடலடியில் விரிந்து கிடக்கும் புற்படுகைகள்தான் அதன் மேய்ச்சல் நிலம். இந்த உடலை அறுத்துப் பார்த்த வைத்தியர் நுரையீரலையும் மார்பையும் கண்டு மனிதரை ஒத்தது என்று சொல்லியிருந்தால், அவர் கண்டதில் பெரிய பிழை இல்லை. பெயர்தான் பிழைத்தது. அந்தப் பிழையான பெயரே உலகம் சுற்றியது. கடலுக்குள் புல் மேய்ந்து குட்டிக்குப் பால் கொடுக்கும் ஒரு பிராணி உண்டு என்ற மெய்யான விந்தையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று அந்தப் பிராணி இக்கடலில் அருகிவிட்டது. தமிழ்நாடு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை அதற்கான பாதுகாப்பு வலயமாக அறிவிக்கவேண்டிய நிலை வந்துவிட்டது. விந்தைக் கதைக்கு இருந்த ஆயுள் விந்தையான உயிருக்கு இல்லாமற் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தப் பழங்கதையை எடுத்ததற்குக் காரணம், நம் கையில் இருக்கும் தொலைபேசி ஒரு நாளில் பத்துக் கடற்கன்னிகளைக் கொண்டுவந்து தருகிறது என்பதுதான். அரை நிமிடக் காணொளிகள்: தண்ணீரில் மிதக்கும் கல், மனிதக் குரலில் பேசும் பறவை, ஒரே இலையில் குணமாகும் நீரிழிவு, கடலுக்கடியில் கண்டெடுத்த கோயில், உடல் எப்படி இயங்குகிறது என்று காட்டும் அசைபடம், கணக்குப் போடும் குறுக்குவழி. இவற்றில் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. பார்த்தவர் சிரிக்கிறார், வியக்கிறார், பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டிக் குடும்பக் குழுவுக்கும் கோயில் குழுவுக்கும் பழைய மாணவர் குழுவுக்கும் அனுப்புகிறார். அதைச் செய்தவர் யார், அது எங்கே எடுக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்ற எண்ணமும் எழுவதில்லை. அனுப்பியவர் அந்த நேரத்தில் என்ன செய்தார்? ஒரு பொருளைக் கைமாற்றினாரா, அல்லது ஒரு கூற்றைச் சொன்னாரா? அறநூல்களும் சமய நூல்களும் பேச்சுக்கு விதித்த கடமைகள் அவரைக் கட்டுமா, கட்டாதா? கட்டும் என்பது என் துணிபு. வேடிக்கைக்காக அனுப்பினாலும், பயன்படட்டும் என்று அனுப்பினாலும், அனுப்புகிறவர் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றுதான் அனுப்புகிறார்.

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு நல்ல கருவியைத் தந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவை இலக்கணத்தோடு தொடங்கினார். இறைவன், உயிர், பாசம் பற்றிப் பேசுமுன் ஒன்றை அறிந்தோம் என்று எப்போது சொல்லலாம் என்பதைத் தீர்த்துக்கொள்ளவேண்டும் என்பது அவர் முறை. அளவைகளைப் பலவாக எண்ணுவோரின் கணக்கைச் சொல்லிவிட்டு, காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் எல்லாவற்றையும் அவர் அடக்குகிறார். கண்ணாற் காண்பது, கண்டதைக் கொண்டு உய்த்துணர்வது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. காண்டலிலும் ஐயமும் திரிபும் நுழையும் என்பதால், அவை நீங்கிய காட்சியே அளவை ஆகும். கிளிஞ்சலை வெள்ளி என்று காண்பது இந்தியத் தத்துவ நூல்கள் பலவும் எடுத்தாளும் திரிபுக் காட்சி. சிப்பிக்கே பேர்போன இந்தக் கரையில் அந்த உவமை கூடுதலாக ஒட்டும். இப்போது கைத்தொலைபேசிக் காணொளியை இந்த மூன்றில் எதில் வைப்பது? எல்லோரும் காண்டலில்தான் வைக்கிறோம். ‘நானே பார்த்தேன்’ என்கிறோம். உண்மையில் நாம் பார்த்தது ஒரு கண்ணாடித் திரையை மட்டுமே. அங்கே நடந்ததாகக் காட்டப்படுவதை யாரோ ஒருவர், ஏதோ ஓர் இடத்தில் நின்று, தொடக்கத்தையும் முடிவையும் தாமே தீர்மானித்து, மேலே ஒரு வரி எழுதி, பின்னால் ஓர் இசை சேர்த்து நமக்குச் சொல்லியிருக்கிறார். அது உரை. உரைக்கு முதற் கேள்வி, சொன்னவர் யார் என்பது. காண்டலின் வேடம் பூண்டு வருகிற உரையிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

இந்த மறதியின் விலையை இலங்கை 2018இல் கண்டது. அந்த ஆண்டு பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பிடவந்த ஒருவர் கறிக்குள் ஏதோ கட்டியைக் கண்டு, கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறார்கள் என்று கூச்சலிட்டார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. சிங்களத்தில் தொடுக்கப்பட்ட கேள்வியைச் சரியாக விளங்கிக்கொள்ளாத கடைக்காரர், அச்சத்தில் ஆம் என்ற பொருள்பட எதையோ சொன்னார். அது காணொளியானது. ‘குற்றத்தை அவரே ஒப்புக்கொள்கிறார், கண்ணால் பாருங்கள்’ என்று அது நாடு முழுவதும் பறந்தது. அன்றிரவே அம்பாறையில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களில் கண்டி மாவட்டத்தில் வேறொரு சம்பவத்தைத் தொட்டு மூண்ட வன்முறை திகனையை எரித்தது. அரசாங்கம் சமூக ஊடகங்களை நாடெங்கும் முடக்கியது. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. தங்கள் தளம் அந்த வன்முறைக்கு உதவியதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. இங்கே கவனிக்கவேண்டியது, காணொளி போலியாகத் தயாரிக்கப்பட்டதல்ல என்பதே. அந்த மனிதர் அந்த இடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னது உண்மை. ஆனால் அந்தச் சொல் ஒப்புதல் என்பது ஒருவர் சேர்த்த பொருள். அனுப்பிய ஒவ்வொருவரும் அந்தப் பொருளுக்குத் தம் பெயரைக் கையொப்பமாக இட்டார்கள்.

சொன்னவர் யார் என்ற கேள்வியை ஒரு முழு அறிவுத்துறையாகவே வளர்த்தது இஸ்லாம். நபிமொழிகளைத் தொகுத்தவர்கள், ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னால் அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற அறிவிப்பாளர் தொடரை வைத்தார்கள். இஸ்னாத் என்பது அதன் பெயர். தொடரில் உள்ள ஒவ்வொருவரின் நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி, இவர் அவரை நேரில் சந்தித்திருக்க முடியுமா என்பதையெல்லாம் தேடித் தொகுத்துவைத்தார்கள். ஒரு கண்ணி அறுந்தாலும் கூற்றின் தரம் இறங்கிவிடும். 875இல் மறைந்த இமாம் முஸ்லிம், காதில் விழுவதையெல்லாம் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதே ஒருவரைப் பொய்யராக்கிவிடும் என்ற கருத்துள்ள நபிமொழியைத் தம் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்தார். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் மதரசாவில் ஓதிய பிள்ளைகளுக்குக் கூட இந்தத் தொடரின் பெருமை தெரியும். இதனோடு வட்ஸ்அப் காட்டும் இரட்டை அம்புக்குறியை ஒப்பிட்டுப் பாருங்கள். பலமுறை அனுப்பப்பட்டது என்று மட்டும் அது சொல்கிறது. எத்தனை கை மாறியது என்பதற்கு அதில் குறிப்பு உண்டு. எந்தக் கைகள் என்பதற்கு இல்லை. இஸ்னாதில் கை கூடக் கூட ஐயமும் கூடும். நம்மிடையே கை கூடக் கூட நம்பிக்கை கூடுகிறது. அந்நிறுவனமே 2019இல் ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பமுடியாதபடி கட்டுப்பாடு வைத்தது. 2020 ஏப்ரலில் பலமுறை அனுப்பப்பட்டவற்றை ஒரே தடவையில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்பமுடியாதபடி செய்தபோது, அத்தகையவை 70 வீதம் குறைந்தன என்று அறிவித்தது. ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு தட்டு என்ற சிறு தடையே இவ்வளவைத் தடுத்ததென்றால், அனுப்பியவர்களில் எத்தனை பேர் அதை உண்மையில் சொல்ல விரும்பியிருப்பார்கள்?

தமிழுக்கு இதில் இன்னும் நெருக்கமான ஒரு கொடை இருக்கிறது. நாள்தோறும் வாயில் புழங்குவதால் அதன் அருமை தெரிவதில்லை. ‘தலைமன்னாரில் மழை பெய்தது’ என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். ‘தலைமன்னாரில் மழை பெய்ததாம்’ என்றால் அவர் கேட்டதைச் சொல்கிறார். ஒரேயோர் ‘ஆம்’. அது பொய்யும் ஆகாது, மெய்யென்று அடித்துச் சொல்வதும் ஆகாது. தனக்குத் தெரிந்ததற்கும் கேள்விப்பட்டதற்கும் நடுவில் பேசுகிறவர் போடும் கோடு அது. கரையில் வலை இழுப்பவரும் சந்தையில் மீன் விற்பவரும் இந்தக் கோட்டைத் தவறாமல் போடுகிறார்கள். பாட்டி சொல்லும் கதையில் அரசன் வந்தானாம், போனானாம். இக்கட்டுரையின் தொடக்கத்தில் கடற்கன்னிகள் அகப்பட்டனவாம் என்று எழுதியதும் அந்தக் கோட்டைப் போட்டுத்தான். காணொளிக்கு இந்த ‘ஆம்’ கிடையாது. படம் எப்போதும் ‘பெய்தது’ என்றே பேசும். ஆகவே நாவில் இயல்பாக இருந்த நேர்மை விரலுக்கு வந்ததும் தொலைந்துபோகிறது. அதை மீட்பதற்கு அனுப்புகிறவர் தாமே ஒரு வரி எழுதிச் சேர்க்கவேண்டும். வேறு வழி இல்லை.

இவ்வளவும் கலவரக் காணொளிக்குச் சரி, பூனைக்குட்டிக்கும் புதிருக்கும் இது எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். மன்னார் நகர வீதியில் கழுதை ஒன்று கடை வாசலில் நின்று கொட்டாவி விடுவதை ஒருவர் எடுத்து அனுப்பினால் அதில் எந்தக் கூற்றும் இல்லை. அது விளையாட்டு. மனிதர் ஒருவரையொருவர் சிரிக்கவைப்பது பாவமென்று எந்தச் சமயமும் சொல்லியிருந்தால் அது மனிதருக்கான சமயமாக இருக்கமுடியாது. ஆனால் விந்தைக் காணொளிகளில் பெரும்பாலானவை கூற்றைச் சுமந்து வருபவை: இது இப்படி நடக்கிறது, இது இந்த நோயைத் தீர்க்கும், இந்த ஊரார் இப்படிப்பட்டவர்கள். அங்கே ‘வெறும் வேடிக்கை’ என்பது பாரம் இறக்கும் சாக்கு. மேலும் விந்தையைக் காணும் இடத்தில்தான் நம் காவல் தளர்ந்திருக்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்திகளை ஆராய்ந்து எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பொய்ச்செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு மெய்யைவிட 70 வீதம் கூடுதல். 1,500 பேரைச் சென்றடைய மெய்க்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இயந்திரக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பொய்யில் புதுமை அதிகம் என்பதையே அவர்கள் காரணமாகக் காட்டினார்கள். புதுமைதானே விந்தையின் உயிர்? திருவள்ளுவர் புறங்கூறாமையை அடுத்துப் பயனில சொல்லாமையையும், அதை அடுத்துத் தீவினையச்சத்தையும் வைத்தார். அந்த வரிசை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

வள்ளுவரையே எதிர்ச்சாட்சியாக அழைப்பாரும் உண்டு. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் வாய்மையின் இடத்தை அவர் தந்தாரே. பிள்ளைகளை அறிவியல் பக்கம் இழுக்கும் ஒரு மிகைப்படுத்திய காணொளியால் நன்மைதானே என்பார்கள். வள்ளுவர் அந்த விலக்கை யாருக்குத் தந்தார் என்று பார்க்கவேண்டும். தாம் சொல்வது பொய்யென்று அறிந்தவர், யாரிடம் சொல்கிறோம் என்று அறிந்தவர், அதனால் விளைவது தீதற்றது என்று உறுதிகொண்டவர், இந்த மூன்றும் பொருந்தியவருக்கே அது. நூறு பேருள்ள குழுவுக்கு அனுப்பி, அங்கிருந்து யார் யாருக்கோ போகும் காணொளியில் அனுப்பினவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளின் பொருட்டே என்றால் இன்னும் கவனம் வேண்டும். சிலாவத்துறையிலோ முருங்கனிலோ ஆய்வுகூட வசதி குறைந்த பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, இதயம் துடிப்பதை முப்பது விநாடியில் காட்டும் அசைபடம் பெரிய உதவி. அதை நான் மதிக்கிறேன். அந்தப் பிள்ளைக்குச் சரிபார்க்க வேறு நூல் இல்லை என்பதாலேயே, அதற்குக் கொடுப்பது மெய்யாக இருக்கவேண்டும். மழைத்துளி சிப்பியில் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. 1902இல் அரிப்புக் கடலின் முத்துப் பார்களை ஆராய வந்த ஹேர்ட்மன், சிப்பியில் புகும் ஒட்டுண்ணிப் புழுவின் இளம்பருவமே முத்துக்குக் கரு என்றார். அதையும் பின்வந்தோர் திருத்தினார்கள். அந்த மூன்றாவது படி வரை பிள்ளையைக் கூட்டிப்போகும் காணொளிதான் கல்வி. இரண்டாவது படியில் நிறுத்திவிட்டு இதுதான் இரகசியம் என்பது கடற்கன்னி வியாபாரம்.

கத்தோலிக்க மரபில் இந்தக் கண்ணின் பசியைப் பற்றி எழுதியவர்களுள் அகுஸ்தினாரை மிஞ்சியவர் இல்லை. 400ஆம் ஆண்டையொட்டி எழுதிய தம் ஒப்புதல் நூலின் பத்தாம் பகுதியில், பெரிய கேளிக்கைகளை விட்டுவிட்டேன், ஆயினும் வீட்டில் இருக்கையில் பல்லி ஈயைப் பிடிப்பதும் சிலந்தி இரையைச் சுற்றிக் கட்டுவதும் என் மனத்தைப் பிடித்துக்கொள்கின்றனவே என்று இறைவனிடம் முறையிடுகிறார். பதினாறு நூற்றாண்டுக்கு முன்னரே ஒருவர் தம்மைப் பிடித்து வைத்துக்கொண்ட அரை நிமிடக் காட்சியைப் பாவக்கணக்கில் எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் அவரோடு முழுக்க உடன்பட எனக்கு மனம் வரவில்லை. பல்லியும் படைப்புத்தான், அதைப் பார்த்து நிற்பதில் வணக்கமும் இருக்கலாம். அவரும் அந்தக் காட்சியிலிருந்து படைத்தவரின் புகழுக்குப் போனதாகச் சொல்கிறார். ஆனால் தொடங்கியது அதற்காக அல்ல என்று தம்மையே பிடித்துக் கொடுக்கிறார். அந்த நேர்மையே நமக்குப் பாடம். தோமா அக்குவினாஸ் பின்னர் இதைப் பிரித்துக் காட்டினார்: அறிய முயலும் ஊக்கம் நற்பண்பு, நெறியற்ற பார்வை வேட்கை அதன் கேடு. வங்காலையில் பூநாரைகளைப் பார்ப்பதற்கு இதைப் பொருத்தலாம். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தில் கரையில் பொறுமையாக நின்று பார்ப்பது ஒன்று. ட்ரோனைத் தாழப் பறக்கவிட்டால் இரை தேடி நிற்கும் கூட்டம் வெருண்டு எழும். பார்ப்போரைக் கவர்வது அந்த எழுச்சிதான். அதைப் பகிர்ந்து புகழ்கிறவர் பறவையின் அச்சத்தையே புகழ்கிறார் என்பதை அறியமாட்டார்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. சமயங்கள் தாமே கேட்டவற்றின்மேல் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சாட்சி கேட்டால் நம்பிக்கை எங்கே நிற்கும்? தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணல்திட்டுத் தொடரை இந்துக்கள் இராமர் அணை என்கிறார்கள். முஸ்லிம்கள் பாவா ஆதம் கடந்த வழி என்கிறார்கள். 1670இல் மாந்தையிலிருந்து ஒல்லாந்தரின் கொடுமைக்கு அஞ்சி ஓடியவர்கள் சுமந்துபோன மாதா சுரூபத்தை மடுவில் இன்றும் இலட்சக்கணக்கானோர் வணங்குகிறார்கள். இவற்றுக்கெல்லாம் நான் ஆய்வுகூடச் சான்று கேட்கவில்லை. மடுவுக்கு நடந்து போகிறவர் தம் வாழ்வைக் கொண்டு சாட்சி சொல்கிறார்; அதற்குத் தம் காலால் விலை கொடுக்கிறார். ஆனால் 2002இல் நாசாவின் விண்வெளிப் படம் ஒன்றைக் காட்டி, அணை மனிதர் கட்டியதென்று நாசாவே நிரூபித்துவிட்டது என்று பரப்பியது வேறு விடயம். தங்கள் படம் அப்படி எதையும் காட்டவில்லை என்று அந்நிறுவனம் விளக்கவேண்டி வந்தது. 2017 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியொன்று தன் நிகழ்ச்சிக்கு வெளியிட்ட முன்னோட்டத் துண்டு, மணலைவிட மேலுள்ள கற்கள் மூத்தவை என்று சொல்லி, இந்தியா முழுவதும் கைக்குக் கை ஓடியது. அது விளம்பரம் என்பதை யாரும் நினைக்கவில்லை. 2024இல் இஸ்ரோ விஞ்ஞானிகள் செய்மதியின் லேசர்த் தரவைக் கொண்டு வரைந்த படம், 29 கிலோமீற்றர் நீளமான அத்தொடரில் 99.98 வீதம் ஆழமற்ற நீருக்குள் இருக்கிறது என்று காட்டியது. கட்டியவர் யார் என்பது அந்தக் கருவி சொல்லக்கூடியதல்ல. செய்மதியில் ஊன்றிய பக்தி அடுத்த செய்மதிக்கு அஞ்சவேண்டியிருக்கும். இராமேஸ்வரக் கோயிலுக்குக் காலங்காலமாக நடந்தவர்கள் எந்த முன்னோட்டத்தையும் பார்த்துவிட்டு நடக்கவில்லை. அற்புதத்தை நம்பும் திருச்சபையே அதை அறிவிக்க எவ்வளவு தயங்குகிறது பாருங்கள். லூர்து நகரில் 1858 முதல் ஆயிரக்கணக்கானோர் குணம் பெற்றதாகச் சொல்லியிருக்கிறார்கள்; திருச்சபை அற்புதமென ஏற்றவை 70ஐச் சற்றே தாண்டும். நம்பிக்கை உள்ளவர்கள்தான் அந்த வைத்திய விசாரணையை நடத்துகிறார்கள். கடவுளின் பெயரால் பொய்ச்சாட்சி சொல்லிவிடக்கூடாது என்ற அச்சமே அதன் அடியில் இருக்கிறது.

மெய்யான காணொளியும் பொய்ச்சாட்சி ஆகலாம் என்பதை இந்தக் கரையே அறியும். 2019 மார்ச் 3ஆம் திகதி, மகாசிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வீதியில் அமைக்கப்பட்ட அலங்கார வளைவு தொடர்பாக மாந்தையில் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே முறுகல் ஏற்பட்டது. அதன் சில விநாடிக் காட்சிகள் அன்றே கடல் கடந்து தமிழர் வாழும் நாடுகளெல்லாம் போயின. காட்சி உண்மைதான். நந்திக்கொடிக்கு நேர்ந்த அவமதிப்பால் சைவர்களின் மனம் புண்பட்டதும் உண்மைதான். ஆனால் அந்த விநாடிகளுக்கு முன்னால் அந்த இடத்தைப் பற்றி நெடுநாள் நடந்த பேச்சும், பின்னால் இரு சமயப் பெரியோரும் எடுத்த முயற்சியும் அந்தச் சட்டத்துக்குள் இல்லை. ஆயிரம் மைல் அப்பால் இருப்பவருக்கு அந்த விநாடிகளே மன்னார் ஆகிவிட்டன. கத்தோலிக்கர் பெரும்பான்மையாகவும் இந்துக்களும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து வீடுகளிலுமாக வாழும் மாவட்டம் இது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட காயத்தை இன்னும் ஆற்றிக்கொண்டிருக்கும் மாவட்டம். இங்கே அடுத்த நாளும் ஒரே பேருந்தில் ஏறவேண்டியவர்கள் இருக்கிறார்கள். தொலைவிலிருந்து அனுப்பினவர் அந்தப் பேருந்தில் ஏறுவதில்லை.

எளிய மனிதருக்கு இதையெல்லாம் சோதிக்க நேரமும் இல்லை, வழியும் இல்லை என்று கடைசியாகச் சொல்வார்கள். சோதிக்கத் தெரியாதவர் சோதிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. தெரியாததை அனுப்பாமல் இருப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. அல்லது, எனக்கு வந்தது, உண்மையா தெரியாது என்று ஒரு வரி. அதற்கும் சோம்புகிற கையை எளிமை என்ற சொல்லால் மூடமுடியாது. இந்தச் செயலைப் பகிர்வு என்று அழைக்கிறோம். அழகான சொல், ஆனால் இங்கே அது கடன் வாங்கிய சொல். பகுத்துண்ணும்போது நம் இலையில் குறையும். கரைவலை இழுத்து வந்த மீனைப் பங்கிடும்போது வலைக்காரருக்கு ஒரு பங்கு, இழுத்தவருக்கு ஒரு பங்கு என்று எல்லோர் கண்முன்னும் மணலில் கொட்டிப் பிரிப்பார்கள். ஒருவர் பங்கு கூடினால் இன்னொருவர் பங்கு குறையும், கெட்ட மீனை அடுத்தவர் கூடையில் தள்ளினால் கரை முழுக்கப் பேசும். காணொளியை அனுப்பினால் நம்மிடம் எதுவும் குறைவதில்லை. குறையாத பகிர்வுக்கு ஈடாக நாம் கொடுக்கக்கூடியது அனுப்புமுன் செலவிடும் அந்த ஒரு நிமிடம் மட்டுமே. அதையும் கொடுக்காவிட்டால் அது பகிர்வு என்ற பெயரைத் தாங்காது.

பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று அரை நிமிடம் படம் எடுக்கிறார்கள்; எடுக்கட்டும், எடுக்கத்தக்க மரம்தான். பெருக்கமரம் ஆபிரிக்காவுக்கு உரியது, இந்தக் கரைக்குத் தானாக வந்திருக்காது. மரத்தின் பருமனை அளக்கலாம், பட்டையைத் தொடலாம், அதுவரை ‘இருக்கிறது’ என்று எழுதலாம். வயது எழுநூறாம். அரேபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்களாம். அந்த இரண்டு இடத்திலும் ‘ஆம்’ போட்டு அனுப்பினால், பார்க்கிற பிள்ளை மரத்தையும் காணும், இன்னும் கண்டுபிடிக்கவேண்டியது எது என்பதையும் காணும்.